காவேரிபுரத்து வாயில்

பண்டை நாளில் நகரம் என்றால் அதற்கு மதில் உண்டு. மதில் என்றால் அதற்கு வாயில் உண்டு. வழக்குத் தீர்ப்பதும், சுங்கம் தண்டுவதும், வேண்டியவரை வரவேற்பதும், வேண்டாதவரைத் திருப்பி அனுப்புவதும் அவ்வாயிலில்தான் நடந்தன. விவிலியத்தைப் புரட்டினால் இது விளங்கும். ரூத்தை மணந்துகொள்ளும் உரிமையைப் போவாசு பத்துப் பெரியோர் முன்னிலையில் நிலைநாட்டியது பெத்லகேமின் நகர வாயிலில். நம் ஆண்டவர் கைம்பெண்ணின் ஒரே மகனை உயிர்ப்பித்து அன்னையிடம் ஒப்படைத்தது நயீன் ஊர் வாயிலின் அருகில். அவரே நமக்காகப் பாடுபட்டு உயிர் துறந்ததோ எருசலேமின் வாயிலுக்கு வெளியே. ஆகவே வாயில் என்பது வெறும் கல்லும் மரமும் சேர்ந்த கட்டடம் அன்று. உள்ளே வரத்தக்கவர் யார், வெளியே நிற்க வேண்டியவர் யார் என்று மனிதர் மனிதரைப் பிரிக்கும் இடம் அது.

சேலம், நாமக்கல் சமவெளிக்கும் அத்தகைய வாயில் ஒன்று இருந்தது. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து மலையிறங்கி வருவோர் முதலில் கால்வைக்கும் ஆற்றங்கரை ஊராகிய காவேரிபுரமே அது. இன்று மேட்டூர் அணையைக் காணச் செல்வோரில் நூற்றுக்கு ஒருவர்கூட அப்பெயரை அறிந்திருப்பாரா என்பது ஐயமே. பூங்காவைப் பார்த்து, மீன் வறுவல் உண்டு, மாலையில் திரும்பிவிடுகிறோம். அணைக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பின் ஓரத்திலும் அடியிலும் நம் முன்னோரின் வரலாறு உறங்குகிறது என்பதை எண்ணுவதில்லை. அவ்வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே

சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேற்கு நோக்கிச் சென்றால் சமவெளி மெல்ல மெல்லச் சுருங்குகிறது. மேட்டூரில் சீதாமலையும் பாலமலையும் இரு பக்கமும் நெருங்கி வந்து, காவிரிக்கு ஒரு குறுகிய இடைவெளியை மட்டுமே விட்டு நிற்கின்றன. ஒகேனக்கல்லில் பாறையினின்று குதித்த ஆறு, மலைகளுக்கிடையே தெற்கு நோக்கி ஓடிவந்து, இவ்விடைவெளியின் வழியாகத்தான் சமவெளியில் நுழைகிறது. பின்னர்ப் பவானியில் துணையாற்றைச் சேர்த்துக்கொண்டு, ஈரோடு, பரமத்திவேலூர், மோகனூர் என்று நாமக்கல் நாட்டின் எல்லையை நனைத்தவண்ணம் திருச்சி நோக்கிச் செல்கிறது.

இந்த இடைவெளிக்குச் சற்று மேலே, ஆற்றின் மேற்குக் கரையில், கொளத்தூரைக் கடந்து கோவிந்தபாடி, காவேரிபுரம் முதலிய ஊர்கள் உள்ளன. மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலை இப்பக்கமாகவே போகிறது. பாலாறு என்னும் சிற்றாறு காவிரியில் கலக்குமிடத்தில் தமிழ்நாடு முடிந்து கருநாடகம் தொடங்குகிறது. (இது வேலூர்ப் பக்கத்துப் பாலாறு அன்று, பெயர் மட்டும் ஒன்று.) அங்கிருந்து மலைப்பாதை ஏறி, மார்டள்ளி, கௌதள்ளி, அனூர், கொள்ளேகால் என்று தொடர்ந்தால், மீண்டும் காவிரியைச் சந்தித்து, அதன் நடுவே தீவாக நிற்கும் சீரங்கப்பட்டணத்தை அடையலாம். ஆற்றின் வழியே படகு செல்ல முடியாது. அருவிகளும் பாறைகளும் தடுக்கும். ஆதலால் ஆற்றை விட்டு விலகி மலையேறி, மறுபடியும் அதே ஆற்றங்கரையில் இறங்கும் இப்பாதையை மக்கள் வகுத்துக்கொண்டனர். வரலாற்று நூல்களில் இதற்குக் காவேரிபுரம் கணவாய் என்று பெயர்.

கடற்கரையில் விளைந்த உப்பும், சமவெளியில் நெய்த துணியும் பொதிமாடுகளின் முதுகில் மேலே சென்றன. மேல்நாட்டுப் பொருள்கள் கீழே வந்தன. கணவாயின் அடியில் ஓர் ஊரைக் கட்டி அதற்கொரு கோட்டையும் எழுப்பிவிட்டால், போவோர் வருவோர் அனைவரும் அக்கோட்டைத் தலைவனின் கண்ணுக்குத் தப்ப முடியாது. காவேரிபுரம் பிறந்த காரணம் இதுவே.

கெட்டி முதலிகளின் எல்லை

இக்கோட்டையைக் கட்டியவர் கெட்டி முதலி என்பது மரபு. தாரமங்கலத்தையும் அமரகுந்தியையும் இருப்பிடமாகக் கொண்டு, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இப்பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவர்களே கெட்டி முதலிகள். மதுரை நாயக்கர்களின் மேலாட்சிக்கு உட்பட்டவர்கள். தாரமங்கலம் கைலாசநாதர் கோவிலின் சிற்பங்களைக் கண்டவர்கள் அவர்களுடைய செல்வத்தையும் கலையுணர்வையும் அறிவார்கள். ஆத்தூரில் வசிட்ட நதிக் கரைக் கோட்டையோடும், ஓமலூரில் சரபங்கா ஆற்றங்கரைக் கோட்டையோடும் அவர்கள் பெயர் இணைத்தே பேசப்படுகிறது. கிழக்கே ஆத்தூர்க் கணவாய், மேற்கே காவேரிபுரம் கணவாய் என்று சமவெளியின் இரு வாசல்களிலும் காவல் வைத்தார்கள் எனலாம்.

ஆயினும் வாயில் எவ்வளவு உறுதியாயினும், அதற்கு அப்பால் வளரும் வல்லரசை நெடுங்காலம் தடுத்து நிறுத்த இயலாது. காவிரியின் மேற்பக்கத்தில் சீரங்கப்பட்டணம் வலுப்பெற்று வந்தது. 1454ஆம் ஆண்டில் விசயநகர மன்னரின் கீழிருந்த நாயகத் தலைவர் ஒருவரால் எழுப்பப்பட்ட அக்கோட்டை, 1610ஆம் ஆண்டில் மைசூர் உடையார்களின் கைக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உடையார்களின் படைகள் மலையிறங்கி வந்து, கெட்டி முதலிகளின் நிலப்பகுதிகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றின. மைசூரைத் தடுப்பதற்கென்று எழுந்த காவேரிபுரத்து வாயில், மைசூரின் வாயிலாகவே மாறிற்று.

துறவுடையில் வந்த தூதர்கள்

படைகள் இவ்வாறு மோதிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், படைக்கலம் ஏந்தாத வேறு சிலரும் இந்நாட்டில் நடமாடினார்கள். இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயருடன், காவியுடை தரித்துக் காய்கறி உணவு உண்டு, 1606 முதல் மதுரையில் மறைபரப்பியவர். அவர் 1623ஆம் ஆண்டில் வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தார். சேலத்தில் தொடக்கத்தில் அவருக்கு ஆதரவு எளிதில் கிட்டவில்லை. ஆயினும் அவர் பொறுமையுடன் தங்கினார். சேந்தமங்கலத் தலைவரின் தமையனாகிய திருமங்கல நாயக்கர், தம்பியிடம் ஆட்சியை இழந்து ஒதுங்கியிருந்தவர். அவர் நொபிலியின் நட்பைப் பெற்று, 1625ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்றார். அரண்மனை வாயிலுக்கு வெளியே தள்ளப்பட்ட ஒருவர் திருச்சபையின் வாயிலுக்குள் நுழைந்தார் என்பது நம் மறைமாவட்ட வரலாற்றின் முதல் ஏடுகளில் ஒன்று.

மலைக்கு மேலே, சீரங்கப்பட்டணத்தில், 1649ஆம் ஆண்டளவில் இத்தாலியராகிய லெயோனார்தோ சின்னமி என்னும் இயேசு சபைக் குரு மைசூர் மறைப்பணித் தளத்தைத் தொடங்கினார். அவரும் துறவியின் கோலத்திலேயே வாழ்ந்தார். கன்னட மொழியைக் கற்று, அம்மொழியில் இலக்கணமும் மறைநூல்களும் வரைந்தார். மதுரைத் தளத்தைச் சேர்ந்த குருக்கள் மலையின் இப்பக்கத்தில் சத்தியமங்கலம் வரை உழைத்தார்கள். மைசூர்த் தளத்தைச் சேர்ந்தவர்கள் அப்பக்கத்தில் உழைத்தார்கள். அரசர்கள் எல்லை வகுத்துக் கோட்டை கட்டிய மலைத்தொடரின் இரு மருங்கிலும் ஒரே திருப்பலி நிறைவேற்றப்பட்டது. தமிழிலும் கன்னடத்திலும் ஒரே விசுவாசம் அறிக்கையிடப்பட்டது. நாட்டை ஆண்டவர்களுக்கு வாயில் வேறு வேறாக இருந்தது. நற்செய்திக்கு அது ஒன்றாகவே இருந்தது.

போரின் காலடியில்

18ஆம் நூற்றாண்டில் ஐதர் அலி மைசூரின் தலைமையை ஏற்றார். அவருக்கும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மூண்ட முதற்போரில், 1768ஆம் ஆண்டில், கர்னல் உட் என்பவரின் படை சேலம், நாமக்கல், ஈரோடு முதலிய கோட்டைகளைப் பிடித்தது. காவேரிபுரமும் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு கோட்டையிலும் சிறு சிறு காவற்படையை விட்டுச் சென்றமையால் படை சிதறிப் போயிற்று. அதே ஆண்டின் இறுதியில் ஐதர் மலையிறங்கி வந்தபோது, அக்கோட்டைகள் சில வாரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. காவேரிபுரத்தைக் காத்து நின்ற ஃபைசன் என்னும் படைத்தலைவர் மட்டும் வலுவாக எதிர்த்து நின்றார். முடிவில், தம் வீரர்களை விடுவிப்பதாகத் தரப்பட்ட வாக்கை நம்பிச் சரணடைந்தார். அவ்வாக்குக் காக்கப்படவில்லை, அவர்கள் சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். காவேரிபுரத்து வாயிலைக் காத்தவர்கள் மறுமுனையில் இருந்த வாயிலுக்குள் கைதிகளாக நுழைந்தார்கள்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின், வேறொரு திசையிலிருந்து, அவர்களினும் பெருந்தொகையான கைதிகள் அதே தீவை நோக்கி நடத்தப்பட்டனர். 1784ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் தொடக்கத்தில், திப்பு சுல்தானின் ஆணைப்படி மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர்கள் தங்கள் வீடுகளினின்றும் பிடிக்கப்பட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையேறிச் சீரங்கப்பட்டணத்திற்கு நடத்திச் செல்லப்பட்டனர். ஆங்கிலேயருக்குத் துணை நின்றார்கள் என்பது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றம். ஆண், பெண், குழந்தை, முதியவர் என்ற வேறுபாடின்றிப் பல்லாயிரவர் நடந்தனர். வழியில் மாண்டவர் பலர். சிறையில் மாண்டவர் பலர். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. எஞ்சியவர்களின் சிறைவாசம் பதினைந்து ஆண்டுகள் நீடித்தது.

இதற்கிடையில் 1792ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணத்தில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி பாராமகாலும் சேலமும் கம்பெனிக்குச் சேர்ந்தன. கர்னல் அலெக்சாண்டர் ரீடு முதற் கலெக்டரானார். ஆனால் காவிரியின் மேற்கே கோயமுத்தூர் நாடு திப்புவிடமே இருந்தது. ஆகவே அடுத்த ஏழு ஆண்டுகள் காவிரி ஆறே இரு அரசுகளின் எல்லைக் கோடாயிற்று. கிழக்குக் கரையில் ஓமலூரும் சங்ககிரியும் ஓர் ஆட்சியில்; மேற்குக் கரையில் காவேரிபுரமும் பவானியும் வேறோர் ஆட்சியில். இக்கரையில் பெண் கொடுத்து அக்கரையில் பெண் எடுத்த குடும்பங்கள், பரிசல் ஏறினால் அயல்நாடு செல்கிறோம் என்று எண்ண வேண்டிய நிலை.

1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கோட்டையின் வடபுறத்தில் ஆற்றுக்குச் செல்லும் வாயிலின் அருகில், வீழ்ந்தவர்களின் உடல்களுக்கிடையே திப்புவின் உடல் கண்டெடுக்கப்பட்டது. ஓடி ஒளியாமல் வாயிலில் நின்று போரிட்டு மடிந்தவர் என்று அவருடைய பகைவர்களே எழுதிவைத்தனர். அவரால் துன்புற்றவர்களின் வழிவந்த நாமும் அதை மறைக்க வேண்டியதில்லை. உண்மை எப்பக்கம் இருப்பினும் அதை ஏற்பதே கிறிஸ்தவப் பண்பு.

சிறைப்பட்டிருந்த கத்தோலிக்கர்கள் விடுதலையாயினர். சிதறிய மந்தையைத் திரட்டும் பணிக்கு, பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த அபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குரு வந்து சேர்ந்தார். அச்சத்தால் மறையை விட்டவர்களைக் கடிந்து விரட்டாமல் அன்போடு மீண்டும் சேர்த்துக்கொண்டார். அம்மை நோய் ஊர் ஊராகக் கொள்ளை கொண்ட அக்காலத்தில் மக்களுக்கு அம்மை குத்தும் பணியையும் முன்னின்று நடத்தினார். 1823ஆம் ஆண்டில் அவர் நாடு திரும்பும்வரை மைசூர் நாட்டின் சிற்றூர்களே அவருடைய வீடாக இருந்தன.

காவலற்ற வாயில்

எல்லை மறைந்ததும் வாயிலுக்கு வேலை இல்லாமற் போயிற்று. மலைக்கு மேலும் கீழும் ஒரே அதிகாரம் பரவிய பின்னர், கணவாயைக் காக்கக் கோட்டை எதற்கு? 1800ஆம் ஆண்டில் கம்பெனியின் ஆணைப்படி மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த மருத்துவர் பிரான்சிசு புகானன், கௌதள்ளி வழியாக மலையிறங்கிக் காவேரிபுரத்தை அடைந்தார். கோட்டையைக் கட்டியவர் கெட்டி முதலி என்று ஊரார் சொன்னதை அவர் தம் பயண நூலில் பதிந்தார்; அந்நூல் 1807ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியாயிற்று. நாம் இன்று காவேரிபுரத்தைப்பற்றி அறிவனவற்றுள் ஒரு பகுதி, அன்று அவரிடம் வாய்திறந்து பேசிய பெயர் தெரியாத ஊர்ப் பெரியவர்களால் நமக்குக் கிடைத்ததே.

1860களில் சென்னையிலிருந்து சேலம், ஈரோடு வழியாக இருப்புப்பாதை அமைந்தது. பொதிமாடுகள் ஏறிய மலைப்பாதையின் வணிகத்தைப் புகைவண்டி பெரிதும் ஈர்த்துக்கொண்டது. காவேரிபுரம் ஒரு சிற்றூராகச் சுருங்கிற்று. ஆற்றங்கரை மண் வளமானது. உழவரும் மீனவரும் பரிசல்காரரும் அங்கே தங்கள் வாழ்வை நடத்தினர். அக்கரையோரச் சிற்றூர்களுள் நாயம்பாடியும் ஒன்று. அங்கே சலகண்டேசுவரர் கோவில் இருந்தது. அதனருகே இரட்டைக் கோபுரம் உயர்ந்த கிறிஸ்தவ ஆலயமும் இருந்தது. ஒரே ஊரின் மாந்தர் ஒரே ஆற்றில் நீர் மொண்டு, தத்தம் ஆலயத்தில் தொழுது, ஒருவர் துயரில் மற்றவர் பங்குகொண்டு வாழ்ந்தனர்.

ஆற்றுக்கு அமைந்த புதிய வாயில்

தஞ்சை நாட்டு நெல்வயல்களுக்குக் காவிரி வெள்ளத்தைத் தேக்கிவைத்து அளிக்கவேண்டும் என்னும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. மைசூர் அரசு ஒப்புக்கொள்ளாமையால் அது நெடுங்காலம் தாமதமாயிற்று. 1924ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை மாகாணத்திற்கும் மைசூருக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 1925 சூலை 20ஆம் நாள் மேட்டூரில் பணி தொடங்கிற்று. பொறியாளர் கர்னல் எல்லிஸ் வகுத்த திட்டப்படி, சீதாமலைக்கும் பாலமலைக்கும் இடையே 5,300 அடி நீளத்தில் அணை எழுந்தது. 1934 ஆகஸ்ட் 21ஆம் நாள் அது திறக்கப்பட்டு, ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. 120 அடி உயரத்திற்கு நீர் நிற்கும்; 93.47 டி.எம்.சி. கொள்ளும், நீர் பரவும் இடம் ஏறத்தாழ 59 சதுர மைல். இன்றும் சூன் 12ஆம் நாள் நீர் திறந்துவிடும் மரபு உண்டு. போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் அன்று மதகு உயர்த்தப்பட்டு, பொங்கி வரும் நீரில் மலர் தூவப்படுகிறது. ஏறத்தாழ 16 லட்சம் ஏக்கர் நிலம் அந்நீரை எதிர்பார்த்திருக்கிறது.

59 சதுர மைல் என்று எழுதுவது எளிது. அப்பரப்புக்குள் வீடும் வயலும் கிணறும் கல்லறைத் தோட்டமும் அடங்கியிருந்தன. நாயம்பாடி மக்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியவராயினர். அவர்களுள் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. பெற்றோருக்கு மணமேடையாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குத் தொட்டியாகவும் விளங்கிய ஆலயத்தை எவராலும் தூக்கிச் செல்ல முடியவில்லை. நந்தியும் கோபுரமும் நின்ற இடத்திலேயே நின்றன. நீர் எழுந்து அவற்றை மூடிற்று.

இங்கே ஒன்றை நினைவுகூர வேண்டும். அணை எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் நம் சேலம் மறைமாவட்டமும் பிறந்தது. 1930 மே 26ஆம் நாள் புதுச்சேரி உயர்மறைமாவட்டத்திலிருந்தும் கும்பகோணம் மறைமாவட்டத்திலிருந்தும் பிரித்து அது நிறுவப்பட்டது. ஹென்றி புருனியே ஆண்டகை அதன் முதல் ஆயரானார். புதிய மறைமாவட்டம் தன் ஆலயங்களை எண்ணிக் கணக்கெடுத்த காலத்தில், அண்மையில் ஓர் ஆலயம் நீருக்கு இரையாகக் காத்திருந்தது.

மழை பொய்த்து நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், கொளத்தூரை அடுத்த பண்ணவாடிப் பரிசல் துறையின் பக்கம் முதலில் ஆலயக் கோபுரமும், நீர் மேலும் இறங்கினால் நந்தியும் வெளிப்படுகின்றன. 2017ஆம் ஆண்டுக் கோடையிலும் 2024ஆம் ஆண்டுக் கோடையிலும் பலர் சென்று கண்டனர். காண்போருக்கு அது வியப்பு. உழவருக்கோ அது அச்சம். கோபுரம் தெரிகிறதென்றால் அணையில் நீர் இல்லை என்று பொருள். தஞ்சையில் குறுவை இல்லை என்று பொருள். நம் முன்னோரின் ஆலயம் நீருள் மறைந்திருக்கும் வரையில்தான் நாட்டுக்குச் சோறு உண்டு. இதைச் சிந்திக்குந்தோறும், மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப்பற்றி ஆண்டவர் உரைத்தது நம் நெஞ்சில் தானே எழுகிறது.

மீண்டும் அதே பாதையில்

வெளியேறியவர்கள் எங்கே சென்றார்கள்? அருகிலுள்ள மேட்டு நிலங்களில் குடியேறியவர்கள் உண்டு. சிலர் பாலாற்றைக் கடந்து மலைமேலேறி, மார்டள்ளி, கௌதள்ளிப் பக்கம் சென்றனர் என்பது அப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இன்று கருநாடகத்தின் சாமராசநகர் மாவட்டத்தில், மைசூர் மறைமாவட்டத்தின் எல்லைக்குள், மார்டள்ளியில் தமிழ் பேசும் கத்தோலிக்க மக்கள் ஆலயம் அமைத்து வாழ்கின்றனர். கன்னட நாட்டின் மலைமீது தமிழில் செபமாலை ஒலிப்பதைக் கேட்டு முதன்முறை செல்வோர் திகைப்பர். காவேரிபுரம் கணவாயின் வரலாற்றை அறிந்தவருக்கு அதில் திகைப்பு இல்லை. படைவீரரும் வணிகரும் கைதியரும் நடந்த அதே வழியில், ஊரிழந்த உழவர்களும் நடந்தார்கள், அவ்வளவே.

அப்பாதைக்குப் பிற்காலத்திலும் அமைதி எளிதில் வாய்க்கவில்லை. 1990களில் சந்தனக் கடத்தல் வீரப்பனால் அக்காடு முழுவதும் அச்சத்தில் ஆழ்ந்தது. 1993 ஏப்ரலில் பாலாற்றுப் பக்கம் வெடித்த கண்ணிவெடியில் 22 பேர் உயிரிழந்தனர். தேடுதல் வேட்டையில் மலையூர்களின் எளிய மக்கள் பலர் ஐயத்தின் பேரில் பிடிக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர். அவர்களுள் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2007ஆம் ஆண்டில் கூறியது. 2004 அக்டோபரில் வீரப்பன் சுடப்பட்டு இறந்த பின்னரே அவ்வழி அச்சம் நீங்கியது. இரு மாநிலங்களுக்கிடையே காவிரி நீர்ப் பூசல் எழும் போதெல்லாம், எல்லையின் இரு பக்கமும் உறவினரை உடைய இம்மக்களின் உள்ளமே முதலில் நடுங்குகிறது. அவர்களுக்கு இந்த ஆறு வழக்கு மன்றத்துச் செய்தி அன்று. தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே ஓடும் நீர்.

நாம் செய்யக்கூடியது

கெட்டி முதலி எழுப்பிய மதிலைவிட, அவ்வழியே நடந்து போனவர்களின் நினைவே நெடுநாள் நிலைத்திருக்கிறது. ஆனால் நினைவும் பேணாவிட்டால் அழிந்துபோகும். அன்று புகானனிடம் பேசிய பெரியவர்கள் வாய்மூடி இருந்திருப்பின், கோட்டையைக் கட்டியவர் பெயரும் மறைந்திருக்கக்கூடும். இன்று நாயம்பாடியைப்பற்றித் தம் தாய் தந்தையர் சொல்லக் கேட்டவர்கள் நம் பங்குகளில் முதுமை எய்தி வருகின்றனர். மேட்டூர், கொளத்தூர், மேச்சேரி, எடப்பாடிப் பக்கத்துக் குடும்பங்கள், தங்கள் பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நலம். பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைக் கறையான் அரிக்காமல் காப்பதும் இறைப்பணியே. பங்குத்தந்தையரும் பக்த சபையினரும் முயன்றால் இது பெருஞ்செலவில்லாமல் நிறைவேறும்.

அத்துடன் நம் இளைஞர்களை ஒருமுறை அந்தக் கரைக்கு அழைத்துச் செல்லலாம். மேட்டூரில் அணையைக் காட்டிய பின், கொளத்தூர்ச் சாலையில் சென்று, பண்ணவாடித் துறையில் நீர்ப்பரப்பின் முன் நிறுத்தி, இவ்வரலாற்றைச் சொல்லலாம். அங்கிருந்து அக்கரை நாகமரைக்குப் பரிசலில் மக்கள் கடந்து செல்வதையும் அவர்கள் காணட்டும். நீர் நிறைந்திருந்தால் கோபுரம் கண்ணுக்குத் தெரியாது, அதற்காக வருந்தவேண்டாம். ஊரை இழந்தவர்களுக்காகவும், அந்நீரால் உண்ணுகிறவர்களுக்காகவும், கோவிலை இழந்த நம் அண்டை வீட்டு இந்துச் சகோதரர்களுக்காகவும் அங்கு ஒரு செபம் சொல்வது பொருத்தமானது.

நம் வீட்டில் அன்றாடம் சோற்றுப்பானையை இறக்கி வைக்கும்போது உணவுக்கு முன் நாம் சொல்லும் சிறு செபத்தில், உழவருக்கு நன்றி கூறுகிறோம். மழைக்கு நன்றி கூறுகிறோம். அந்த அரிசி விளைவதற்காக வீட்டு வாசலைப் பூட்டாமலே விட்டு வெளியேறிய காவிரிக்கரை மக்களையும் இனி அச்செபத்தில் சேர்த்துக்கொள்வோமாக.